கதையும் நாடகமும் போதுமா, எழுத்துக்கூட்டல் வேண்டாமா?

எழுத்தாணி:
மூன்றாம் வகுப்புக்குத் தமிழ் எடுக்கிறேன். இந்த ஆண்டு வந்த பிள்ளைகளில் பாதிப் பேர் 'வெள்ளை' என்ற சொல்லில் தடுக்கி நிற்கிறார்கள். கீழ் வகுப்புகளில் கதை, நாடகம், அட்டை விளையாட்டு எல்லாமே நடந்திருக்கின்றன. புத்தகத்தைப் பிரித்தால் கதையைக் கடகடவென்று சொல்கிறார்கள். அதிலிருந்து ஒரு வரியைக் கரும்பலகையில் எழுதிப் படிக்கச் சொன்னால் வாயே திறப்பதில்லை. இவ்வளவு நாளும் படத்தைத்தான் படித்திருக்கிறார்கள். உயிர், மெய், உயிர்மெய் என்று வரிசையாக நடத்தி எழுத்துக்கூட்டிப் படிக்க வைத்தாலே போதும். மற்றதெல்லாம் நேர விரயம்.

கதைக்காரி:
சார், உங்கள் வகுப்பில் வாசிப்பு நேரம் எப்படிப் போகிறது? ஒருவர் எழுந்து படிக்க, மற்றவர்கள் விரல் வைத்துப் பார்ப்பதுதானே? 40 பிள்ளைகள், 40 நிமிடம் என்றால் ஆளுக்கு ஒரு நிமிடம். மீதி 39 நிமிடமும் தன் முறை எப்போது வரும் என்ற பயம்தான். இரண்டிரண்டு பேராக உட்கார்ந்து மாறி மாறிப் படித்தால் ஒரே நேரத்தில் 20 வாய்கள் படிக்கும். பார்த்துப் படிக்கும் நாடகம் இன்னும் நல்லது. மனப்பாடம் கிடையாது, கையில் தாளோடு நின்றே பேசலாம். தன் நாலு வரியை ஐந்தாறு முறை அலுக்காமல் படிப்பார்கள். 'திரும்பப் படி' என்று நாம் சொன்னால் படிப்பார்களா? ஆசிரியர் துணையோடு வாய்விட்டுத் திரும்பத் திரும்பப் படிப்பது சரளத்தை வளர்க்கிறது என்று அமெரிக்காவின் தேசிய வாசிப்புக் குழு 2000இலேயே சொல்லிவிட்டது.

எழுத்தாணி:
அதே அறிக்கை, எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள உறவை முறையாகக் கற்பிக்க வேண்டும் என்றும் சொல்கிறது. அதை ஏன் விட்டுவிட்டீர்கள்? தமிழில் அது இன்னும் அவசியம். 'வெ' என்பதில் கண்ணுக்கு முதலில் படுவது கொம்பு, வாயில் முதலில் வருவது 'வ்'. 'கொ' என்றால் குறி இரண்டு பக்கமும் நிற்கிறது. இதை ஒரு குழந்தை விளையாடிக்கொண்டே தானாகக் கண்டுபிடிக்குமா? யாராவது உட்கார்ந்து சொல்லித்தர வேண்டும்.

கடைசிபெஞ்சுஅம்மா:
நான் ஆசிரியர் இல்லை. என் மகன் தனியாக எழுந்து படிக்கச் சொன்னால் நடுங்குவான். எல்லோரும் சேர்ந்து படிக்கும் வகுப்புக்கு மாறியதும் சந்தோஷமாகப் போனான், நானும் நிம்மதியாக இருந்தேன். ஆறு மாதம் கழித்துத்தான் தெரிந்தது, உதட்டை மட்டும் அசைத்திருக்கிறான். அப்புறம் ஒரு தோழனோடு இணையாகப் படிக்கவிட்டார்கள். அங்கே ஒளிய இடமில்லை, பயமும் இல்லை. இப்போது மெதுவாகப் படிக்கிறான்.

கதைக்காரி:
அம்மா சொல்வது சரி. கூட்டாகப் படிப்பதில் அந்த ஆபத்து உண்டு. அப்படிப் படிக்க வைப்பது தொடக்கத்துக்கு மட்டும்தான், ஒப்புக்கொள்கிறேன். கொம்பு விஷயத்திலும் உங்களோடு சண்டை இல்லை சார். ஆனால் எழுத்து மட்டும் போதும் என்பதை ஏற்க மாட்டேன். கல், தங்கம், அகம் மூன்றிலும் ஒரே 'க'தான், ஒலி மூன்று விதம். 'த, ங், க, ம்' என்று கூட்டுகிற குழந்தைக்குத் தங்கம் என்ற சொல் முன்பே காதில் விழுந்திருந்தால்தான் சரியான ஒலி வாயில் வரும். அதைக் கதைதானே கொடுக்கிறது? காஃப், டன்மர் என்ற வாசிப்பு ஆய்வாளர்கள் இருவரும் 1986இல் வாசிப்பை ஒரு பெருக்கலாகவே எழுதினார்கள்: எழுத்தை ஒலியாக்கும் திறன் ஒரு பக்கம், மொழியைப் புரிந்துகொள்ளும் திறன் மறுபக்கம். எது பூஜ்யமானாலும் விடை பூஜ்யம்.
ஒன்று செய்து பாருங்கள். கதையின் வாக்கியங்களைத் தனித்தனிச் சீட்டாக வெட்டி, கலைத்துக் கொடுத்து, வரிசைப்படுத்தச் சொல்லுங்கள். படமே வேண்டாம்.

எழுத்தாணி:
படம் இல்லை என்றால் செய்கிறேன். ஆனால் முதல் 15 நிமிடம் எழுத்துக்குத்தான், அதை யாருக்காகவும் விட மாட்டேன். சீட்டை இரண்டு பேருக்கும் சேர்த்துக் கொடுத்தால் நன்றாகப் படிக்கிறவனே எல்லாவற்றையும் அடுக்கிவிடுவானே?

கதைக்காரி:
சீட்டுகளைப் பாதிப் பாதியாகப் பிரித்துக் கொடுங்கள். தன் சீட்டை மற்றவனுக்குக் காட்டக் கூடாது, படித்துத்தான் சொல்ல வேண்டும். அப்புறம் இருவருமாகச் சேர்ந்து அடுக்கட்டும்.