புதுப்பிப்பு: வருடாந்திரச் செலவும் வெளுத்த ரசீதும்

ஜனவரியில் இந்தக் குழுவில் புலம்பியிருந்தேன்: மாதச் செலவு கட்டுக்குள்தான் இருக்கிறது, ஆனால் இன்சூரன்ஸ் பிரீமியம் வரும் மாதம் கணக்கு கவிழ்ந்துவிடுகிறது என்று. வருடத்துக்கு ஒருமுறை வரும் செலவுகளைக் கூட்டி, 12-ஆல் வகுத்து, சம்பளம் வந்த அன்றே தனிக் கணக்கில் போடச் சொன்னீர்கள் நீங்கள் சிலர். நல்ல யோசனை, ஆனால் முதல் வருடத்துக்குச் சரிவராது. பிரீமியத்துக்கு 5 மாதம்தான் இருந்தது. 12-ஆல் வகுத்திருந்தால் பாதிகூடத் தேறியிருக்காது. அதனால் 5-ஆல் வகுத்தேன். கொஞ்சம் இறுக்கிப்பிடித்தது, ஆனால் கிரெடிட் கார்டைத் தொடாமல் கட்டிவிட்டேன். அடுத்த தவணையிலிருந்து 12.

அப்புறம், கடை ரசீதுகளை நான் போட்டுவைக்கும் டப்பா. வெப்பத்தாளில் (மை இல்லாமல் சூட்டால் எழுத்து பதியும் தாள்) அடித்த பில்கள் பாதி வெளுத்துப்போய்விட்டன. ஃபிரிட்ஜ் வாங்கிய பில்லில் தேதியே காணோம், வாரன்டிக்கு அதுதானே வேண்டும்! இப்போதெல்லாம் வாங்கிய அன்றே போட்டோ எடுத்துவிடுகிறேன்.