பத்தாம் வகுப்பில் மறுபடியும் கடைசி: வேலூருக்குப் போதாதது திட்டமா, ஆசிரியரா?

பாலாற்று மணல்:
2024 பத்தாம் வகுப்புத் தேர்வில் வேலூர் மாவட்டம் 82.07 சதவீதம் எடுத்து மாநிலத்திலேயே கடைசி. முதலில் வந்த அரியலூர் 97.31. 2025இல் 85.44க்கு ஏறினோம், அப்போதும் கடைசிதான். 2023இல் அந்த இடத்தில் இருந்த ராணிப்பேட்டை யார்? 2019 வரை நம் மாவட்டத்துக்குள் இருந்த ஊர். பழைய வட ஆர்க்காடே வாலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது.

இத்தனைக்கும் திட்டத்துக்குக் குறைவில்லை. இல்லம் தேடிக் கல்வி, எண்ணும் எழுத்தும், நான் முதல்வன், காலை உணவு என்று வரிசையாக வந்தன. பேராசிரியர் அன்பழகன் பெயரிலான வகுப்பறைத் திட்டத்தை 2023 பிப்ரவரியில் முதலமைச்சர் தொடங்கி வைத்ததே நம் காட்பாடியில்தான்.

என் மகள் கே.வி.குப்பம் பக்கத்தில் ஒரு தொடக்கப் பள்ளியில் நான்காம் வகுப்பு படிக்கிறாள். ஐந்து வகுப்பு, இரண்டு ஆசிரியர். சென்ற மாதம் ஒரு நாள் காலை பத்து மணிக்குப் போனேன். தலைமையாசிரியர் பயிற்சிக்குப் போயிருந்தார். ஒரே அறையில் ஒரு கூட்டம் கரும்பலகையைப் பார்த்து, ஒரு கூட்டம் சன்னலைப் பார்த்து, ஒரு கூட்டம் இரும்பு பீரோவைப் பார்த்து உட்கார்ந்திருந்தது. டீச்சர் வெளியே வேப்பமரத்தடியில், கைப்பேசியைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி நிற்கிறார். வருகைப் பதிவு ஏறவில்லையாம்.

புதுத் திட்டம் எதையும் இரண்டு வருடம் அறிவிக்க வேண்டாம். வகுப்புக்கு ஓர் ஆசிரியர் கொடுங்கள், போதும்.

சுண்ணக்கட்டி:
ஐயா, நான் அதே வேலூர் மாவட்டத்தில் தொடக்கப் பள்ளி ஆசிரியை. அந்த மரத்தடியில் நின்றது நானாகக்கூட இருக்கலாம், அத்தனை நாள் நின்றிருக்கிறேன். ஆனாலும் உங்கள் கணக்கு தப்பு.

எண்ணும் எழுத்தும் தொடங்கியது 2022 ஜூனில், முதல் மூன்று வகுப்புகளுக்கு. அன்று மூன்றாம் வகுப்பில் உட்கார்ந்த பிள்ளை பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதப்போவதே 2030இல்தான். 2024இல் எழுதியவர்கள் ஏழாம் வகுப்பை கொரோனாவில் வீட்டில் கழித்தவர்கள். எட்டாம் வகுப்புக்கு 2021 நவம்பரில்தான் பள்ளி திறந்தது. அவர்கள் மதிப்பெண்ணை வைத்து இன்றைய திட்டத்தை எடைபோடுவது, நேற்று நட்ட தென்னையில் இளநீர் தேடுகிற வேலை.

பீரோவைப் பார்த்து ஒரு கூட்டம் என்றீர்களே, அது எண்ணும் எழுத்தும் திட்டத்தின் அரும்பு, மொட்டு, மலர் பிரிவாக இருந்திருக்கும். எந்த வகுப்பு என்று பார்க்காமல், எந்த அளவுக்கு எழுத்துக் கூட்டுகிறது என்று பார்த்துப் பிள்ளைகளைப் பிரிப்போம். இரண்டு ஆசிரியர் உள்ள பள்ளிக்கு அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

பாலாற்று மணல்:
டீச்சர், அரும்பும் இல்லை, மொட்டும் இல்லை. மாலையில் மகளைக் கேட்டேன். “டீச்சர் வருகிற வரைக்கும் வாய்மேல் விரல்” என்றாள்.

கொரோனா அரியலூருக்கு வரவில்லையா?

சுண்ணக்கட்டி:
வந்தது. ஆனால் அங்கே பள்ளி மூடியபோது எத்தனை பையன்கள் தோல் ஷெட்டுக்கும் ஷூ கம்பெனிக்கும் போனார்கள்? இங்கே என்னிடம் படித்த பையன்களில் அப்படிப் போய்த் திரும்பாதவர்களை எனக்கே தெரியும். வாரக் கூலி கையில் வாங்கிய பதினான்கு வயதுப் பையனைத் திரும்ப பெஞ்சில் உட்காரவைப்பது லேசான காரியமா?

கெங்கையம்மன் தெரு:
குடியாத்தத்திலிருந்து ஒரு கிழவன். 1954 இடைத்தேர்தலில் காமராசர் எங்கள் ஊரில் நின்று ஜெயித்துத்தான் சட்டமன்றத்துக்குப் போனார். அவர் ஆட்சியில் நெ.து. சுந்தரவடிவேலு கல்வி இயக்குநராக இருந்தபோது பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடந்தன. ஊரார் பெஞ்சு கொடுத்தார்கள், கடிகாரம் கொடுத்தார்கள், நிலம்கூட எழுதி வைத்தார்கள். இப்போது நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி என்று 2022இல் அரசு தொடங்கியிருப்பது அதன் பேரப்பிள்ளை. எல்லாவற்றையும் சென்னையிடமே கேட்டுக்கொண்டிருந்தால் எப்படித் தம்பி?

பாலாற்று மணல்:
ஐயா, அன்றைக்குப் பெஞ்சு கொடுத்தவர் தன் பிள்ளையையும் அதே பெஞ்சில் உட்காரவைத்தார். எங்கள் பள்ளிக்கு வர்ணம் அடித்துக் கொடுத்த பெரியவரின் பேரன் தனியார் பள்ளியின் மஞ்சள் வேனில் போகிறான். வர்ணம் நன்றாகவே இருக்கிறது, குறை சொல்லவில்லை.

பீடிமுறம்:
நான் பேரணாம்பட்டு. திட்டத்தை நிறுத்து என்று சுலபமாக எழுதிவிட்டீர்கள் அண்ணா. பீடி சுற்ற முறத்தை மடியில் வைத்தால் கணக்கு முடிகிற வரைக்கும் இறக்க முடியாது. என் சின்னவன் முன்பு காலையில் என் பக்கத்தில் உட்கார்ந்து பீடித் தலை மடக்கிக் கொடுத்துவிட்டு, வெறும் டீயைக் குடித்துவிட்டுப் பள்ளிக்கு ஓடுவான். காலை உணவு வந்த பிறகு எட்டு மணிக்கே பையைத் தூக்குகிறான். புதன்கிழமை பொங்கல் என்றால் எழுப்பவே வேண்டாம். படிப்பு வந்ததா என்று கேட்டால், எனக்குச் சொல்லத் தெரியாது. பிள்ளை வேலையிலிருந்து எழுந்து பள்ளிக்குப் போகிறான். அதை இரண்டு வருடம் நிறுத்தச் சொல்வீர்களா?

பாலாற்று மணல்:
தப்பு என்னுடையது அம்மா. புதிதாக எதையும் அறிவிக்க வேண்டாம் என்றுதான் எழுதினேன், நடக்கிற சோற்றில் கைவைக்கச் சொல்லவில்லை. அதைத் தெளிவாகச் சொல்லியிருக்க வேண்டும்.

கோட்டை அகழி:
இதில் ஒன்றை யாரும் பேசவில்லை. பி.எம். ஸ்ரீ என்ற ஒன்றிய அரசின் பள்ளித் திட்டத்தில் தமிழ்நாடு கையெழுத்திடவில்லை என்பதற்காக ஒன்றிய அரசு மாநிலத்தின் பள்ளிக் கல்விக்கான 2,152 கோடி ரூபாயைப் பிடித்து வைத்தது. பணத்தை அங்கே நிறுத்திவிட்டு இங்கே ஆசிரியர் எங்கே என்று மாநிலத்தைக் கேட்பது நியாயமா?

பாலாற்று மணல்:
பிடித்து வைத்தது அநியாயம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது 2024 கதை. எங்கள் பள்ளியில் நான் படிக்கும்போதே இரண்டு ஆசிரியர்.

மலைப்பாதை:
நீங்கள் இரண்டு ஆசிரியருக்கு அழுகிறீர்கள். நம் மாவட்டத்து மலையூர்களான பீஞ்சமந்தை, ஜார்த்தான்கொல்லைப் பக்கம் வந்து பாருங்கள். மலையில் உள்ள உண்டு உறைவிடப் பள்ளிகள் கல்வித் துறையிலேயே இல்லை, பழங்குடியினர் நலத் துறையில் இருக்கின்றன. கல்வித் துறைக்கு வருகிற சீர்திருத்தம் மலையேறி எங்களிடம் வருவதற்குள் அடுத்த சீர்திருத்தம் கீழே வந்துவிடும்.

சுண்ணக்கட்டி:
மணல் ஐயாவுக்கு ஒரு விஷயம். வகுப்புக்கு ஓர் ஆசிரியர் என்று 2009 கல்வி உரிமைச் சட்டத்திலேயே இல்லை. தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரைக்கும் இரண்டு பேர், அதற்கு மேல் 90 வரைக்கும் மூன்று பேர். உங்கள் பள்ளியில் எத்தனை பிள்ளைகள்?

பாலாற்று மணல்:
41.

சுண்ணக்கட்டி:
அப்படியானால் சட்டப்படி உங்களுக்குக் குறையே இல்லை. எனக்கும் இதைச் சொல்ல வாய் கூசுகிறது.

பாலாற்று மணல்:
டீச்சர், இதைத்தான் நான் இத்தனை நேரமாகச் சொல்ல வந்தேன், உங்கள் வாயிலிருந்து வந்துவிட்டது. இரண்டு ஆசிரியர்தான் என்று தெரிந்து வசதி உள்ளவர் பிள்ளையை மாற்றுகிறார். எண்ணிக்கை குறைகிறது. குறைந்த எண்ணிக்கைக்கு இரண்டு பேர் போதும் என்று சட்டம் சொல்கிறது. அறுபதைத் தாண்டாமலே நாங்கள் எப்படி மூன்றாவது ஆசிரியரைப் பார்ப்பது?

பள்ளி மேலாண்மைக் குழுவில் என் மனைவி இருக்கிறாள். 2022இல் குழுவை மாற்றி அமைத்தபோது பெற்றோரே பெரும்பான்மை, தலைவர் பதவிக்கு ஒரு தாய் என்றார்கள். நல்ல ஏற்பாடு. கழிப்பறைக்குத் தீர்மானம் போட்டோம், வந்தது. சுற்றுச்சுவர் கேட்டோம், அளந்துகொண்டு போனார்கள். ஆசிரியர் கேட்ட தீர்மானத்துக்கு மட்டும் பதில் இல்லை.

கெங்கையம்மன் தெரு:
மறுபடியும் போடுங்கள். இந்த முறை 41 என்ற எண்ணைப் போடாதீர்கள், ஐந்து வகுப்பு என்று போடுங்கள்.

சுண்ணக்கட்டி:
ஐயா, எண்ணை நாங்கள் ஏற்கெனவே தினமும் காலையில் மரத்தடியில் நின்று ஏற்றிக்கொண்டுதானே இருக்கிறோம்.