வக்கீல் இல்லாமல் காப்புரிமை: நானே செய்ததும் சறுக்கியதும்

கேபிளைச் சுவரோடு பிடித்து வைக்கும் ஒரு சின்ன க்ளிப்புக்கு, விண்ணப்பத்தை நானே எழுதித் தாக்கல் செய்தேன். காப்புரிமையும் கிடைத்தது. ஆனால் அது எவ்வளவு ஒல்லியாகக் கிடைத்தது என்பதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

தேடலை நாமே செய்யலாம், தாராளமாக. முதல் வாரம் 'கேபிள் க்ளிப்' என்று தேடிவிட்டு, நம்முடையதைப் போல ஒன்றுமே இல்லை என்று குதித்தேன். காப்புரிமை ஆவணங்களில் பொருளை அதன் பெயரால் கூப்பிட மாட்டார்கள் என்பது அப்புறம்தான் தெரிந்தது. க்ளிப் அங்கே 'நீளமான பொருளைத் தாங்கும் உறுப்பு'. பிறகு வார்த்தைகளை விட்டுவிட்டு வகைப்பாட்டு எண்ணைப் பிடித்தேன். குழாய், கேபிள் தாங்கிகளுக்கு எஃப்16எல் 3. ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகத்தின் இலவசத் தேடல் தளமான எஸ்பாசநெட்டில் அந்த எண்ணைப் போட்டதும் கொட்டியது. அதில் ஒன்று கிட்டத்தட்ட என் க்ளிப்பேதான். எப்போதோ காலாவதியானது. காலாவதியானால் என்ன, நம் புதுமையைக் கெடுக்க அதுவே போதும். அதில் இல்லாதது என் பூட்டு நாக்கு மட்டும்தான். சரி, அதையே பிடித்துக்கொண்டு எழுதினேன்.

படங்களும் பெரிய விஷயமில்லை. கறுப்புக் கோடு, ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு எண். படத்தில் நாக்குக்கு 14, விவரிப்பில் ஓரிடத்தில் 41 என்று போட்டிருந்தேன். விண்ணப்பத்தைப் பரிசீலித்த காப்புரிமை அலுவலக ஆய்வாளர் அதைக் கண்டுபிடித்து எழுதினார், திருத்திக் கொடுத்தேன்.

சறுக்கியது க்ளெய்மில், அதாவது எதற்குப் பாதுகாப்பு என்று வரையறுக்கும் உரிமைக்கோரலில். என் மாதிரியில் இரண்டு திருகு இருந்ததால், 'இரண்டு திருகுகளால் சுவரில் பொருத்தப்பட்ட தட்டு' என்று முதல் க்ளெய்மிலேயே எழுதிவைத்தேன். துல்லியமாக எழுதிவிட்டதாகப் பெருமை வேறு! அதே க்ளிப்பைப் பசை தடவி ஒட்டுகிறவரை இந்த வாசகத்தை வைத்துப் பிடிப்பது கஷ்டம். பின்னால் விரிவாக்கலாமா என்று பார்த்தால், விவரிப்பிலும் திருகைத் தவிர வேறு பேச்சே இல்லை. முதலில் தாக்கல் செய்ததில் இல்லாததை அப்புறம் நுழைக்க முடியாது. 'திருகு, ஆணி, பசை முதலிய எதனாலும்' என்று ஒரு வரி போட்டிருக்கலாம். அந்த ஒரு வரி எனக்குத் தோன்றவில்லை.

மறுமொழி 1

நான் அதற்கும் முன்னாலேயே விழுந்தவன். ஆர்வத்தில் செயல்முறை வீடியோவைப் பொதுவில் போட்டுவிட்டு, அதற்குப் பிறகு தாக்கல் செய்தேன். அமெரிக்காவில் சொந்த வெளியீட்டுக்கு ஓராண்டு சலுகைக் காலம் உண்டு, தப்பித்தேன். ஐரோப்பாவில் என் வீடியோவே எனக்கு எதிரான சாட்சி. முதலில் தாக்கல், அப்புறம்தான் வாய் திறக்க வேண்டும்.

மறுமொழி 2

நண்பரே, நானும் தனியாகத்தான் செய்தேன். ஆய்வாளரின் ஆட்சேபக் கடிதம் வந்ததும் எல்லாம் போச்சு என்று இரண்டு நாள் சாப்பாடே இறங்கவில்லை. பிரித்துப் படித்தால் பாதி மொழித் திருத்தம்தான். முன்னால் சொல்லாத ஒன்றை 'அந்தச் சக்கரம்' என்று எழுதியிருந்தேன். முதல் தடவை 'ஒரு சக்கரம்' என்று அறிமுகப்படுத்திவிட்டுத்தான் 'அந்த' என்று வர வேண்டுமாம். ஒரு க்ளெய்ம் எவ்வளவு நீளமானாலும் ஒரே வாக்கியமாகவும் இருக்க வேண்டும். மீதிப் பாதிக்கு, அவர் காட்டிய பழைய ஆவணத்தில் எந்தப் பாகம் இல்லை என்று பத்தி எண்ணோடு எழுதி அனுப்பினேன். கெடுவை மட்டும் தவற விடாதீர்கள், விண்ணப்பம் கைவிட்டதாகிவிடும்.

க்ளிப் நண்பருக்கு ஒரு கேள்வி: மற்ற நாடுகளுக்கும் போனீர்களா?

முதலில் எழுதியவர்

இல்லை. முதல் தாக்கலின் தேதியே மற்ற நாடுகளிலும் செல்ல வேண்டுமானால், அதிலிருந்து 12 மாதத்துக்குள் தாக்கல் செய்து முன்னுரிமை கோர வேண்டும். பல நாடுகளுக்கு ஒரே விண்ணப்பம் போட உதவும் சர்வதேச ஒப்பந்தமான பிசிடி வழியாகப் போனால் பெரும்பாலான நாடுகளில் நுழைய 30 மாதம் வரை நேரம் கிடைக்கும். ஆனால் வெளியாட்களுக்கு உள்ளூர் காப்புரிமை ஏஜென்ட் கட்டாயம் என்று பல நாடுகளில் விதி. அதோடு நின்றுவிட்டேன். அடுத்த கருவிக்கு விவரிப்பும் படமும் நானே, க்ளெய்மை மட்டும் ஒரு ஏஜென்டிடம் காட்டினேன். நான் 'ஸ்பிரிங்' என்று எழுதிய இடத்தில் அவர் 'மீள்விசை தரும் உறுப்பு' என்று மாற்றினார். ஸ்பிரிங்குக்குப் பதில் ரப்பர் வைத்தாலும் அதற்குள் அடங்கும்.