ட்ரெய்லர் இழுக்க எஃப்-150யா, ராமா, டன்ட்ராவா?

டல்லாஸ் பக்கத்து நண்பர்களே, ஒரு யோசனை வேண்டும். 6,000 பவுண்டு டிராவல் ட்ரெய்லர் (பின்னால் இழுத்துப் போகும் நடமாடும் வீடு) வாங்கியாகிவிட்டது, இழுக்கத்தான் வண்டி இல்லை. ஃபோர்டு எஃப்-150, ராம் 1500, டொயோட்டா டன்ட்ரா என்ற மூன்று பிக்கப் டிரக்குகளில் ஒன்றை எடுக்க யோசனை. (வீட்டில் இன்னும் சிரிக்கிறார்கள்.)

இழுவைத் திறன் பிரச்சினையில்லை, பேலோடுதான் (வண்டி தன்மேல் சுமக்கக்கூடிய எடை) இடிக்கிறது. ஹிட்ச்சில் (ட்ரெய்லரை வண்டியோடு மாட்டும் இணைப்பு) இறங்கும் எடையே 700, 800 பவுண்டு வரும். அப்புறம் நாங்கள் ஐந்து பேர், சாமான்கள். பார்த்த ராம் 1500இன் கதவோர ஸ்டிக்கரில் பேலோடு 1,240 பவுண்டு என்றுதான் இருந்தது. ஆனால் பின்னால் காயில் ஸ்பிரிங், ஓட்ட கார் மாதிரி சுகம். எஃப்-150இல் ஏற அம்மாவின் முழங்கால் சம்மதிக்கவில்லை. ஸ்டெப் போட்டால் சரியாகுமா? டன்ட்ராவில் 2022 மாடலிலிருந்து வி8 இன்ஜின் கிடையாது, டர்போ வி6தான்.

கராஜ் 20 அடி. அதனால் க்ரூ கேபில் (நான்கு கதவு, இரண்டு வரிசை இருக்கை) ஐந்தரை அடி பெட் (பின்னால் சாமான் வைக்கும் திறந்த பகுதி) மட்டுமே நுழையும்.

ட்ரெய்லர் இழுப்பவர்கள் உங்கள் ஸ்டிக்கரில் பேலோடு எண் என்ன என்று பார்த்துச் சொல்லுங்களேன்.