படிக்கும்போதே செயற்றிட்ட முகாமைத்துவத்துக்குத் தயாரானவர்கள்: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கோ

திருநெல்வேலி மாணவி:

வணக்கம் அண்ணாமார், அக்காமார். யாழ் பல்கலைக்கழகத்தில் முகாமைத்துவம் மூன்றாம் வருடம் படிக்கிறேன். புரொஜெக்ற் மனேஜராக வரவேண்டும் என்பதுதான் என் விருப்பம். வீட்டில் அரச வேலைக்கு விண்ணப்பி என்கிறார்கள். செயற்றிட்ட முகாமைத்துவச் சான்றிதழ்ச் சோதனைகளில், கூடப் படிக்கிறவர்களில் ஒருவர் பிஎம்பி (PMP) எடு என்கிறார், இன்னொருவர் சிஏபிஎம் (CAPM) எடு என்கிறார். பாடம் வேறு, வேலை வேறு என்று எல்லோரும் சொல்கிறார்கள். எப்படி வேறு என்று ஒருவரும் விளக்குவதில்லை. படிக்கிற காலத்தில் உங்களுக்கு நேரே நடந்த ஒன்றை எழுதுவீர்களா?

வடமராட்சியான்:

தங்கச்சி, நான் சொல்லப்போறது வீட்டுத்திட்டக் கதை. இந்திய அரசின்ர 50,000 வீட்டுத்திட்டம் 2012 இல வடக்கில பெரிசாய்த் தொடங்கின காலம் நான் கம்பஸில படிச்சுக்கொண்டிருந்தன். லீவில ஒரு நிறுவனத்தோட கள உதவியாளராய்ப் போனன். ஒரு வீட்டுக்கு ஐந்தரை லட்சம் ரூபா. அது ஒரேயடியாய்க் கையில வராது. ஒவ்வொரு கட்டமும் முடிஞ்சதை நேரில பார்த்து, படம் எடுத்து, பதிஞ்ச பிறகுதான் அடுத்த தவணை வங்கிக்குப் போகும். கட்டுறது வீட்டுக்காரரே. அளக்கிறது, பதியிறது, ஆலோசனை சொல்லுறது எங்கட வேலை.

நான் போன கிராமத்தில காசு நேரத்துக்கு வந்தது. ஆனாலும் வேலை நிண்டுபோச்சு. விசாரிச்சால், மேசன்மார் இல்லை. எல்லா வீட்டுக்கும் ஒண்டாய் முதல் தவணை விட்டபடியால் எல்லாரும் ஒரே கிழமையில அத்திவாரம் வெட்டி, ஒரே கிழமையில மேசனைத் தேடினவை. கூலி ஏறிச்சுது, மணல் விலையும் ஏறிச்சுது. கணவனை இழந்த பெண்கள்ர வீடுகள்தான் கடைசியில நிண்டது. மேசனைத் தேடி அலையவும் கூலி பேசவும் அவைக்கு ஆள் இல்லை.

எங்களோட இருந்த ஓவசியர் ஐயா, பக்கத்துப் பக்கத்து நாலு வீட்டை ஒரு குழுவாக்கினார். ஒரே மேசன் கூட்டம் நாலு வீட்டுக்கும் வரிசையாய்ப் போகும். ஒரு வீட்டில கொங்கிறீற் இறுகிற நேரம் அடுத்த வீட்டில கல்லுக் கட்டு நடக்கும். எந்த வீடு முதல் எண்டதை அவர் சொல்லேல்லை. நாலு குடும்பத்தையும் ஒரு மரத்தடியில இருத்தி, நீங்களே முடிவெடுங்கோ எண்டார். கைக்குழந்தையோட தகரக் கொட்டிலில இருந்த பிள்ளையின்ர வீட்டை மற்ற மூண்டு வீட்டாரும் தாங்களாவே முதல் விட்டவை. அதுக்குப் பிறகு, கார்த்திகை மாரிக்கு முன்னம் எது எது கூரை மட்டத்துக்கு வரவேணும் எண்டு பின்னாலயிருந்து முன்னுக்கு நாள் எண்ணினம்.

நீங்கள் படிச்ச கிரிற்றிக்கல் பாத் எண்ட வேலை வரிசைக் கணக்கு முறை 1950களின்ர கடைசியில அமெரிக்காவில டூபொன்ற் கொம்பனியின்ர தொழிற்சாலை வேலைகளுக்காக வந்தது. எது முடிஞ்சால் எது தொடங்கலாம் எண்டு அது வடிவாய்க் காட்டும். அந்த வேலைக்கு ஆள் கிடைக்குமோ எண்டதை அந்தக் கணக்கு தானாய்ப் பார்க்காது, நாங்கள்தான் பார்க்கவேணும். ஒரு லீவிலயாவது கட்டிட வேலை நடக்கிற இடத்தில போய் நில்லுங்கோ. இண்டைக்கு நடக்கவேண்டியது ஏன் நடக்கேல்லை எண்டு பின்னேரம் ஒரு கொப்பியில எழுதுங்கோ.

அறிவியல்நகர் பொறியியல்:

நான் கிளிநொச்சியில் பொறியியல் பீடத்தில் படித்தவன். கொழும்பில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் நேர்முகத்துக்குப் போனபோது, என் இறுதி வருடச் செயற்றிட்டத்தைப் பற்றி அவர்கள் அதிகம் கேட்கவில்லை. சீவியின் கடைசி வரியில் எங்கள் சனசமூக நிலைய உதைபந்தாட்டச் சுற்றுப்போட்டியை ஒழுங்குசெய்ததாகப் போட்டிருந்தேன். அதைத்தான் பிடித்துக்கொண்டார்கள். மத்தியஸ்தர் வராவிட்டால் என்ன ஒழுங்கு வைத்திருந்தீர்கள்? மின்னொளிக்கு ஜெனரேற்றர் எங்கே எடுத்தீர்கள்? சொன்ன வேலையைச் செய்யாத பெடியனோடு எப்படிக் கதைத்தீர்கள்? சம்பளம் இல்லாத இடத்தில் ஒருவரை வேலை செய்ய வைத்திருக்கிறாயா என்பதைத்தான் அவர்கள் பார்த்தார்கள் என்று நினைக்கிறேன். ஸ்க்ரம் என்ற குழு வேலை முறை, வேலைகளைப் பதிந்து கவனிக்கும் ஜிரா மென்பொருள் எல்லாம் வேலையில் சேர்ந்த பிறகு பழகியவை.

மருதங்கேணி:

எங்களுக்கு ஒரு விரிவுரையாளர் குடிநீர்த் திட்டத்தை ஒப்படையாகத் தந்தார். யாழ்ப்பாணம் கிளிநொச்சி நீர் வழங்கல் திட்டத்துக்கு ஆசிய அபிவிருத்தி வங்கி 2010 இல் கடன் அனுமதித்தது. கிளிநொச்சியின் இரணைமடுக் குளத்திலிருந்து தண்ணீர் கொண்டுவருவதுதான் முதல் எண்ணம். கிளிநொச்சி விவசாயிகள் எதிர்த்தார்கள். பிறகு வழி மாறி, தாளையடியில் நாளுக்கு 24,000 கனமீற்றர் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் 2024 இல் திறக்கப்பட்டது.

அறிக்கைகளை வாசித்துவிட்டு எழுதிக் கொடுத்திருக்கலாம். நாங்கள் இரணைமடுப் பக்கம் போய்க் கமக்காரர் அமைப்புக்காரரோடு இருந்து கதைத்தோம். குடிக்கத் தண்ணீர் கொடுக்கமாட்டோம் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. சிறுபோகத்துக்குத் தண்ணீர் போதாத வருடத்தில் யார் முடிவெடுப்பது என்றுதான் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். தீவுப்பகுதியில் உறவுக்காரர் தண்ணீருக்குப் படுகிற பாட்டையும் எங்கள் குழுவில் ஒரு பிள்ளை அங்கேயே சொன்னாள். இரண்டு பக்கத்துக்கும் நியாயம் இருந்தது. 'பங்குதாரர் பகுப்பாய்வு' என்று நாங்கள் கட்டம் கட்டி நிரப்புகிற தாளுக்குப் பின்னால் இப்படி உயிரும் பயிரும் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் எனக்குப் பட்டது. கிணற்றடியில் போய் நின்று கேட்காமல் அந்தத் தாளை நிரப்ப வேண்டாம் தங்கச்சி.

கொக்குவில் அக்கா:

சோதனைக் குழப்பத்தை நான் தீர்க்கிறேன். பிஎம்பி இப்போது உங்களுக்கு இல்லை. பட்டம் முடித்தவருக்கும் செயற்றிட்டங்களை வழிநடத்திய 36 மாத அனுபவமும் 35 மணிநேரப் பயிற்சியும் வேண்டும். மாணவர்கள் எடுக்கக்கூடியது சிஏபிஎம். பாடசாலைக் கல்வி முடித்து, 23 மணிநேரம் செயற்றிட்ட முகாமைத்துவம் படித்திருந்தால் போதும். 150 கேள்விகள், மூன்று மணித்தியாலம். இணையவழிப் பாடநெறியிலேயே அந்த 23 மணிநேரத்தைச் சேர்க்கலாம். கட்டணம் டொலரில், ஆகவே கடைசி வருடம் வரை பொறுத்து எடுங்கோ. இந்தச் சோதனைகளை நடத்தும் பிஎம்ஐ (PMI) நிறுவனத்தில் மாணவர் அங்கத்துவம் குறைந்த கட்டணத்தில் இருக்கிறது, அதையும் பாருங்கோ.

இங்கே திட்ட உத்தியோகத்தர் வேலைக்கு ஆள் எடுக்கும் குழுக்களில் நான் இருந்திருக்கிறேன். பலர் சான்றிதழோடு வருவார்கள். ஒரு பக்கத்தில் ஆங்கிலத்தில் கள அறிக்கை எழுது என்றால் திணறுவார்கள். சிங்களம் கதைக்கத் தெரிந்த பிள்ளை கொழும்பு அலுவலகத்தோடு தானே கதைத்து வேலையை முடிப்பாள். மோட்டார் சைக்கிள் லைசன்ஸ் இல்லாததால் நல்ல பெண் பிள்ளைகள் கள வேலைக்கு விண்ணப்பிக்காமலே விட்டதைக் கண்டு மனம் நொந்திருக்கிறேன். இந்த மூன்றையும் கம்பஸ் காலத்திலேயே முடித்துவிடுங்கோ. ஒரு திட்டத்தின் நோக்கம், வேலைகள், விளைவுகள், அவற்றை அளக்கும் குறிகாட்டிகள் எல்லாவற்றையும் ஒரே தாளில் காட்டும் லொக்பிரேம் அட்டவணை ஒன்றையும் கையால் நிரப்பிப் பழகுங்கோ. 1969 இல் அமெரிக்க உதவி நிறுவனத்துக்காக உருவான அந்த முறையை இன்றைக்கும் நன்கொடையாளர்கள் கேட்கிறார்கள்.

திருநெல்வேலி மாணவி:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. லைசன்ஸுக்கு அம்மாவிடம் இன்றைக்கே கதைத்துவிட்டேன், சம்மதம். இன்னொன்று கேட்கவேண்டும். எங்கள் பீடத்தில் ஒரு கண்காட்சி வருகிறது. தலைவர் பதவிக்கு நிற்கச் சொல்கிறார்கள். நிற்கட்டா?

கொக்குவில் அக்கா:

செயலாளராக நில்லுங்கோ. தலைவர் மேடையில் நிற்பார், வேலை எங்கே தடக்குப்படுகிறது என்று முதலில் தெரியவருவது செயலாளருக்குத்தான். ஒவ்வொரு கூட்டமும் முடிந்த அன்றிரவே, யார் எதை எந்தத் திகதிக்குள் முடிப்பதாக ஒப்புக்கொண்டார் என்று எழுதி வட்ஸ்அப் குழுவில் போடுங்கோ. சீனியர்மாரின் பெயர்களையும் விடாமல் போடுங்கோ.