ஒரே போத்தல் சி.பி.ஓ., ஆறு டைட்ரேஷன், ஆறு எண்: கடைசியை அடித்துவிடலாமா?

சிப்புட்_லேப்:
வணக்கம். சுங்கை சிப்புட் பக்கம் செம்பனை எண்ணெய் ஆலை லேப். ஒரே போத்தல் சி.பி.ஓ.வில் (கச்சா செம்பனை எண்ணெய்) எஃப்.எஃப்.ஏ., அதாவது தனித்த கொழுப்பு அமிலம், ஆறு தடவை பார்த்தோம். ஒவ்வொரு தடவையும் 5 கிராம் எண்ணெய், 50 மில்லி ஐசோபுரோபனால் (ஆல்கஹால்), நிறம் காட்ட பினாப்தலீன், துளித்துளியாக விட 0.1 நார்மல் சோடியம் ஹைட்ராக்சைடு காரம், அதை அளக்க 50 மில்லி பியூரெட். வந்த வரிசையிலேயே தருகிறேன்:

3.42, 3.47, 3.39, 3.51, 3.44, 3.66 சதவீதம்.

ஆர்.எஸ்.டி. (திட்ட விலக்கம் சராசரியில் எத்தனை சதவீதம் என்பது) சூப்பர்வைசருக்கு 2.78 வருகிறது, எனக்கு 2.53. கடைசி 3.66-ஐ எடுத்துவிட்டால் 1.34தான். எங்கள் உள் வரம்பு 2. அடித்துவிடலாமா?

கணக்குப்பிள்ளை:
முதலில் 2.53-ஐ விடுங்கள், சூப்பர்வைசர் சொல்வதுதான் சரி. சராசரி 3.482. ஒவ்வொன்றும் சராசரியிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று பார்த்து, வர்க்கம் எடுத்துக் கூட்டினால் 0.0467. அதை 5-ஆல் வகுக்கணும், 6-ஆல் இல்லை. சராசரியையும் இதே ஆறு எண்ணிலிருந்துதானே எடுத்தீர்கள், அதனால் ஒன்று குறையும். வர்க்கமூலம் 0.0966, அதுதான் திட்ட விலக்கம். எக்செலில் 'பி' என்று முடியும் ஃபார்முலாவைப் போட்டிருப்பீர்கள். 'எஸ்' என்று முடிவதைப் போடுங்கள்.

அடுத்து, கடைசி எண். விலகி நிற்கும் எண்ணை ஒதுக்கலாமா என்று பார்க்கும் டிக்சன் கியூ சோதனை: பக்கத்து எண்ணோடு இடைவெளி 3.66 − 3.51 = 0.15. மொத்த வீச்சு 3.66 − 3.39 = 0.27. வகுத்தால் 0.556. ஆறு முடிவுக்கு 95 சதவீத நம்பிக்கையில் எல்லை 0.625. தாண்டவில்லை. 90-க்கு இறங்கினாலும் எல்லை 0.560, அதையும் தாண்டவில்லை. கணக்கை வைத்து அடிக்க முடியாது. கண்ணாடியில் சிந்தியது, பியூரெட் குழாய் ஒழுகியது என்று அந்த நேரமே லாக் புக்கில் எழுதியிருந்தால் மட்டும் எடுக்கலாம். 2-க்குள் கொண்டுவரணும் என்பதற்காக எடுப்பது ஆடிட்டில் நிற்காது லா.

பியூரெட்:
அண்ணன் கணக்கைச் சொல்லிவிட்டார். எனக்கு அந்த 3.66-ஐ விட மற்ற ஐந்துதான் உறுத்துகிறது.

எஃப்.எஃப்.ஏ. சதவீதம் = 25.6 × காரத்தின் நார்மாலிட்டி (பலம்) × செலவான மில்லி ÷ எண்ணெய் கிராம். இதில் ஒரு துளி, அதாவது 0.05 மில்லி, போட்டால் 0.0256 சதவீதம். உங்கள் 3.39-க்கும் 3.51-க்கும் நடுவே 0.12, கிட்டத்தட்ட ஐந்து துளி. நல்ல கையில் ஒன்றிரண்டு துளிதான் ஆடணும். 3.66 மற்ற ஐந்தின் சராசரியை விட எட்டுத் துளிக்கு மேல்.

எண்ட் பாயிண்ட், அதாவது நிறம் மாறியதும் நிறுத்தும் இடம்தான் முதல் சந்தேகம். சி.பி.ஓ. செம்மஞ்சள், அதில் இளஞ்சிவப்பு தெரியாது. எல்லாரும் கொஞ்சம் தாண்டித்தான் நிறுத்துவார்கள், ஆளுக்கொரு அளவு. டைட்ரேட் செய்யாத அதே எண்ணெய்–ஆல்கஹால் கலவை ஒன்றைப் பக்கத்தில் வையுங்கள், இரண்டுக்கும் அடியில் வெள்ளை ஓடு. நிறம் மாறி 30 விநாடி நின்றால் முடிந்தது. அப்புறம் மங்கினால் மங்கட்டும், துரத்தாதீர்கள். காற்றில் உள்ள கார்பன் டை ஆக்சைடும் மெதுவாக நடக்கும் சோப்பாக்கமும் காரத்தைத் தின்றுகொண்டே இருக்கும், துரத்தினால் எண் ஏறும். கடைசியில் முழுத் துளி விடாமல், பியூரெட் நுனியில் பாதித் துளி தொங்கவிட்டு வாஷ் பாட்டிலால் கழுவி இறக்குங்கள்.

பியூரெட்டையும் மாற்றுங்கள். நீங்கள் செலவழிப்பது 6.6-லிருந்து 7.2 மில்லிக்குள். அதற்கு 0.1 கோடு போட்ட 50 மில்லி எதற்கு? 0.02 கோடு போட்ட 10 மில்லி போதும்.

கடைசி ஃபிளாஸ்க் பற்றி ஒரு கேள்வி: போத்தலை எப்போது உருக்கினீர்கள்?

சிப்புட்_லேப்:
காலையில் ஒரே தடவை 60 டிகிரியில் உருக்கிக் குலுக்கினோம். அப்புறம் மேசையில்தான் இருந்தது, ஏர்கான் அறை. கடைசி 5 கிராம் அடியிலிருந்து வந்தது. இன்னொன்று, காரம் தயாரித்து இரண்டு வாரம் ஆச்சு. அதுவும் காரணமா?

பியூரெட்:
அப்படியென்றால் ஒரே எண்ணெயை ஆறு தடவை பார்க்கவில்லை. ஏர்கானில் ஸ்டீரின் (எண்ணெயில் சீக்கிரம் கெட்டியாகும் பகுதி) உறைந்து இறங்கும், ஈரமும் கசடும் கூடவே போகும். மேலே உள்ளதும் அடியில் உள்ளதும் ஒன்றல்ல. ஒவ்வொரு எடைக்கும் முன் மீண்டும் 60 டிகிரி, தெளிந்த பின் குலுக்கி உடனே எடுங்கள். சந்தேகம் தீர, குலுக்காமல் மேலிருந்து இரண்டு, அடியிலிருந்து இரண்டு செய்து பாருங்கள்.

பழைய காரம் பலம் குறைந்திருக்கலாம். ஆனால் அது ஆறையும் ஒரே விகிதத்தில் நகர்த்தும், ஆர்.எஸ்.டி. மாறாது. சரியான எண்ணா என்பது வேறு, ஒரே எண்ணாக வருகிறதா என்பது வேறு. 120 டிகிரியில் இரண்டு மணி நேரம் காய்ந்த கே.எச்.பி. (பொட்டாசியம் ஹைட்ரஜன் தாலேட்) வைத்து நார்மாலிட்டியைத் திரும்பப் பாருங்கள், அது தனி வேலை. ஐசோபுரோபனாலும் அப்படித்தான்: எண்ணெய் போடுமுன் காரம் விட்டு நடுநிலை ஆக்காவிட்டால் எல்லா எண்ணும் ஏறும். அந்த ஆல்கஹாலை அளக்காமல் கண்மதிப்பில் ஊற்றினால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவு ஏறும், அப்போது ஆர்.எஸ்.டி.யும் கெடும்.

கணக்குப்பிள்ளை:
ஆறு தடவை செய்வது ஆடிட்டுக்கு மட்டும் போதும். நாள்தோறும் ஒரு சாம்பிளை இரண்டு தடவை தனித்தனியாக எடை போட்டுச் செய்து, வித்தியாசத்தை எழுதி வையுங்கள். ஐந்து நாளில் 0.04, 0.06, 0.02, 0.08, 0.05 என்று வந்தால்: வர்க்கக் கூட்டல் 0.0145, ஜோடி எண்ணிக்கையின் இரட்டிப்பான 10-ஆல் வகுத்தால் 0.00145, மூலம் 0.038. அதை 2.8-ஆல் பெருக்கினால் 0.11. அதற்கு மேல் வித்தியாசம் வரும் ஜோடியை மறுபடி செய்யணும். ஐந்து ஜோடி உதாரணத்துக்குத்தான், 20 சேர்ந்த பிறகு வரம்பைக் கட்டுங்கள். பகல் ஷிப்ட் ஒன்று, நைட் ஷிப்ட் ஒன்று என்று ஜோடி போடாதீர்கள். ஆள் மாறினால் அந்த எண் வேறு கணக்கு, அதற்குத் தனிப் பக்கம் போடுங்கள்.