ஹெரால்டின் நாலு கதவு: மெட்ராஸ் வடிவமைத்ததா, ஒட்டுப் போட்டதா?

கோவைப்பட்டறை:
"ஸ்டாண்டர்டு ஹெரால்டு முழுக்க முழுக்க மெட்ராஸில் வடிவமைத்த கார்" என்று நேற்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார். படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. ஹெரால்டை வரைந்தவர் இத்தாலியின் டூரின் நகரத்து ஜியோவன்னி மிக்கலொட்டி. 1959இல் பிரிட்டனின் டிரையம்ஃப் கம்பெனி அதை டிரையம்ஃப் ஹெரால்டு என்று விட்டது. 1961இல்தான் நம் ஸ்டாண்டர்டு கம்பெனிக்காரர்கள் மெட்ராஸ் பக்கத்துப் பெருங்களத்தூர் ஆலையில் கட்ட ஆரம்பித்தார்கள். இதில் மெட்ராஸ் வடிவமைத்தது எது? பெயர்ப்பட்டையா?

ஹெரால்டு948:
எழுதியவன் நான்தான், பெயர் சொல்லியே கேட்டிருக்கலாம். ஒன்றே ஒன்று கேட்கிறேன். 1968இல் மெட்ராஸில் வந்த மூன்றாவது பதிப்பு ஹெரால்டு, அதாவது மார்க் 3க்கு, நாலு கதவு. பிரிட்டனில் சலூன், கூபே, கன்வர்டிபிள், எஸ்டேட், கூரியர் வேன் என்று எத்தனையோ ஹெரால்டு வந்தது. நாலு கதவு வைத்த ஹெரால்டு சலூன் அங்கே உண்டா? இல்லை. அதைப் போட்டது யார்?

கோவைப்பட்டறை:
அப்பன் கட்டிய வீட்டில் இன்னொரு வாசல் திறந்தவன், வீட்டையே தான் கட்டியதாகச் சொல்லலாமா? பானெட் அதே. அடிச்சட்டம், அதாவது சேசிஸ், அதே. 948 சி.சி. இன்ஜின் அதே. பிரிட்டனில் 1961இலேயே 1147 சி.சி.க்குப் போனார்கள், 1967இல் 1296. நாம் கடைசி வரை 948. இதுதான் உங்கள் வடிவமைப்பு.

மயிலைவாசி:
சண்டை வேண்டாமே. எங்கள் தாத்தாவின் மார்க் 2 மாட வீதி பக்கத்துச் சந்துகளில் ஒரே திருப்பில் திரும்பும். 25 அடி வட்டம் போதும் அதற்கு. அம்பாசடரால் முடியுமா?

பழையஇரும்பு:
அம்பாசடரை ஏன் இழுக்கிறீர்கள்? 2014 வரை ஓடிய தயாரிப்பு அது. ஹெரால்டு எங்கே போனது?

ஹெரால்டு948:
அம்பாசடர், பிரிட்டனின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு 3ஆம் வரிசைக் காரின் நகல். பிறக்கும்போதே நாலு கதவு. அதைக் கட்டிய உத்தரபாரா ஆலையில் அதற்காக யாரும் மண்டையை உடைத்துக்கொள்ளத் தேவை இருக்கவில்லை. பத்மினியும் அப்படித்தான், ஃபியட் 1100. மெட்ராஸில் மட்டும்தான் இரண்டு கதவுக் காரை எடுத்து நாலு கதவாக்கினார்கள். கதவை வெட்டி ஒட்டினால் முடிந்துவிடும் வேலை இல்லை அது. நடுவில் தூண் வேண்டும். பின்கதவு சக்கர வளைவை இடிக்காமல் திறக்க வேண்டும். அதற்கெல்லாம் தகடு அழுத்தும் புது அச்சு (டை) வேண்டும். என் அப்பா அந்த ஆலையில் பாடி ஷாப்பில் 19 வருடம் வேலை பார்த்தார். நாலு கதவு வெறும் ஒட்டு வேலை என்று சொல்பவர்கள் ஒரு கதவையாவது மாட்டிப் பார்த்திருக்க வேண்டும்.

கோவைப்பட்டறை:
நான் 30 வருடமாகக் கதவு மாட்டுகிறேன் தம்பி. பட்டறை வைத்துப் பிழைப்பவனிடம் அந்தப் பேச்சு வேண்டாம். ஹெரால்டில் ஏன் அவ்வளவு சுலபமாக மாற்றம் செய்ய முடிந்தது, சொல்லுங்கள். டிரையம்ஃபுக்கு பாடி செய்து கொடுத்த ஃபிஷர் அண்ட் லட்லோவை 1953இல் போட்டிக் கம்பெனியான பி.எம்.சி. வாங்கிவிட்டது. ஒரே கூடாகப் பாடி செய்து தர ஆள் இல்லை. அதனால் டிரையம்ஃபின் இன்ஜினியர் ஹாரி வெப்ஸ்டர் தனி சேசிஸ் போட்டு, பாடியைத் துண்டு துண்டாகப் போல்ட்டில் மாட்டும்படி செய்தார். அந்த யோசனையின் பலனைத்தான் மெட்ராஸ் அனுபவித்தது. மெல்போர்னிலும்தான் ஹெரால்டு கட்டினார்கள்.

ஹெரால்டு948:
மெல்போர்னில் நாலு கதவு போட்டார்களா?

கோவைப்பட்டறை:
கேட்டதையே கேட்டால் பதில் மாறாது.

ஹெரால்டு948:
பதில் வரவே இல்லை, அதனால்தான் திரும்பக் கேட்கிறேன்.

பழையஇரும்பு:
948 சார், பெருமை பேசுவதற்கு முன்னால் 2 வருடத்துக்கு முன் என்னிடம் வாங்கிப்போன மார்க் 2 முன்பக்கக் கிரில் எங்கே? "ஒரு வாரத்தில் தருகிறேன், மாதிரிக்குத்தான்" என்றீர்கள். என் வண்டி இன்னும் பல் விழுந்த வாயோடு ஷெட்டில் நிற்கிறது.

ஹெரால்டு948:
அது இந்த இழையில் பேச வேண்டிய விஷயம் இல்லை. கிரில் பத்திரமாக இருக்கிறது. நாலு கதவு பற்றிப் பேசுங்கள்.

மயிலைவாசி:
கிரில்லைக் கொடுத்துவிடுங்கள் சார், பாவம். அப்புறம் ஹெரால்டுக்கு அடுத்து ஸ்டாண்டர்டு விட்ட கெசலை யாருமே சொல்லவில்லையே? 1972இல் வந்ததே. அதையும் முதல் இந்தியக் கார் என்பார்கள்.

கோவைப்பட்டறை:
கெசல் வேறா! ஹெரால்டில் இருந்த ஒரே நவீன விஷயம் பின்பக்கம் இரண்டு சக்கரமும் தனித்தனியாக ஆடும் ஆக்சில். கெசலில் அதைக் கழற்றிவிட்டு லாரி மாதிரி ஒரே கட்டை ஆக்சில் போட்டார்கள். உலகம் முன்னே போகும்போது நாம் பின்னே போனோம்.

ஹெரால்டு948:
பின்னே போனோமா? அண்ணே, நீங்கள் பட்டறைக்காரர், நீங்களே இப்படிச் சொல்லலாமா? ஏழு பேரை ஏற்றிக்கொண்டு திருப்பதிக்குப் போகும் குடும்பத்துக்கு தனித்தனியாக ஆடும் அந்த ஆக்சில் என்ன செய்யும்? குறுக்கே கிடக்கும் ஸ்பிரிங் பட்டை தொய்ந்து, பின்சக்கரம் இரண்டும் காலை அகட்டி நிற்கும். டயர் உள்பக்கம் மட்டும் வழித்தெடுத்த மாதிரி தேயும். பின்சீட்டில் ஆள் இல்லாமல் வேகமாக வளைவில் திருப்பினால் சக்கரம் உள்ளே மடங்கி வண்டி பின்பக்கம் தூக்கும். பிரிட்டன்காரன் 1971இல் ஹெரால்டை நிறுத்தும் வரை அதே ஆக்சிலோடுதான் விற்றான். நம் சாலைக்கு, நம் மெக்கானிக்குக்கு, நம் குடும்பத்துக்கு எது சரி என்று யோசித்து மாற்றியது பெருங்களத்தூர். தாளில் கோடு போடுவது மட்டும்தான் வடிவமைப்பு என்று யார் சொன்னது? நாலு கதவும் அதே யோசனைதான். பின்சீட்டில் பாட்டியை முன்சீட்டை மடக்கி ஏற்றிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

கோவைப்பட்டறை:
பாட்டி ஏறியதற்கும் மிக்கலொட்டி வரைந்ததற்கும் என்ன சம்பந்தம்? ஸ்பிட்ஃபயர், விடெஸ், பி.எம்.டபிள்யூ 700 கார்கள் எல்லாம் வரைந்த கை அது. அந்தப் பெயரை ஒரு இடத்திலாவது எழுதினீர்களா? பிறத்தியார் உழைப்பை விழுங்குவதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

பழையஇரும்பு:
கிரில்லையும் விழுங்கினார்.

மயிலைவாசி:
அவ்வளவு திறமை இருந்தால் 1985இல் அதே கம்பெனி விட்ட ஸ்டாண்டர்டு 2000 கார் ஏன் அப்படி ஆனது? பிரிட்டனின் ரோவர் எஸ்.டி. 1 காரின் பாடிக்குள் பழைய வேன்கார்டு கார் காலத்து இன்ஜினை வைத்தார்கள். 3 வருடம்கூட முழுசாக ஓடவில்லை.

ஹெரால்டு948:
மயிலை, நீங்களுமா? ஸ்டாண்டர்டு 2000க்கு வேறு இழை தொடங்குங்கள், அங்கே வந்து பதில் சொல்கிறேன். இங்கே கேள்வி 1968ஐப் பற்றி.

கோவைப்பட்டறை:
இங்கே கேள்வி "முழுக்க முழுக்க" என்ற வார்த்தையைப் பற்றி. அதை எடுத்துவிடுங்கள், நான் போய்விடுகிறேன்.

ஹெரால்டு948:
எடுக்க மாட்டேன். மார்க் 3இன் பின்கதவை எந்த இத்தாலிக்காரர் வரைந்தார் என்று காட்டுங்கள், எடுக்கிறேன்.

கோவைப்பட்டறை:
முன்கதவை எந்தப் பெருங்களத்தூர்காரர் வரைந்தார் என்று முதலில் நீங்கள் காட்டுங்கள்.

பழையஇரும்பு:
ஞாயிற்றுக்கிழமை காலையில் தாம்பரம் பக்கம் வருகிறேன். கிரில்லை எடுத்து வையுங்கள்.

ஹெரால்டு948:
வாருங்கள். என் மார்க் 3 வாசலில்தான் நிற்கும். நாலு கதவையும் திறந்து காட்டுகிறேன்.